நாக்கைக் கட்டிக்கொண்டு சூரியநெல்லிக்கு

கேரளாவில் ஏறி, தமிழ்நாட்டில் மாறி, கேரளாவிலேயே இறங்குகிற பயணத்தை வெளிநாட்டுப் பயணத்தில்தான் சேர்க்க வேண்டும். பெருமாட்டியில் எங்கள் வீட்டு வாசலை விட்டுக் கிளம்பி, சூரியநெல்லியில் என் மகள் நித்யா வீட்டு வாசலை மிதிப்பதற்குள் இரண்டு எல்லை, மூன்று பஸ், நான்கு வகைத் தமிழ். பாஸ்போர்ட் ஒன்றுதான் யாரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக செக்போஸ்ட்டில் என் பையைக் கேட்டார்கள்.

பையில் என்ன இருந்தது? தோட்டத்துக் கத்தரிக்காய், தக்காளி, பூண்டு, எலுமிச்சை, ஈரத்துணியில் சுற்றிய திருநீற்றுப்பச்சை, செய்தித்தாளில் பொதிந்த ஆலிவ் எண்ணெய்ப் புட்டி. எல்லாவற்றுக்கும் அடியில், பெயர் ஒட்டாத பிளாஸ்டிக் கவரில், பொடித்த காய்ந்த பச்சிலை. இடுக்கி மலை ஏறுகிற பஸ்ஸில், அறுபதை நெருங்கும் ஒரு ஆள் மடியில். அந்த அதிகாரி கவரைப் பிரித்து மோந்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மோந்தார்.

"இது என்ன?"

"ஓரிகனோங்க."

"எதுக்கு?"

"மீன் மேல தூவறதுக்குங்க."

அவர் பக்கத்தில் நின்றவரிடம் மலையாளத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "இந்த மாதிரி ஒரு பொய்யை யாரும் உட்கார்ந்து யோசிக்க முடியாது. அதனால உண்மையாத்தான் இருக்கும். விட்டுடு."

யாராவது நல்ல வார்த்தை சொன்னால் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்வது என் வழக்கம். அதையும் எழுதிக்கொண்டேன். ஒருவரின் நேர்மைக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைப்பது கஷ்டம்.

தென்னந்தோப்பு வைத்திருப்பவனுக்கு ஆலிவ் எண்ணெயோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரிலும் கேட்டார்கள். எனக்குச் சர்க்கரை ஏறியபோது டாக்டர், "ராத்திரிச் சாப்பாட்டை மாத்துங்க" என்றார். எப்படி மாற்றுவது என்று நித்யா சூரியநெல்லியில் இருந்து வீடியோ வீடியோவாக அனுப்பினாள். கொண்டைக்கடலையும் தக்காளியும் ஒரு நாள், சுட்ட கத்தரிக்காய் போட்ட பாஸ்தா ஒரு நாள், எலுமிச்சையும் பூண்டும் பச்சிலையும் சேர்த்த மீன் ஒரு நாள். அரை மணி நேரத்தில் முடிகிற எளிய சமையல்தான். மத்தியதரைக் கடல் ஓரத்துச் சனங்கள் சாயங்காலம் இதைத்தான் சாப்பிடுகிறார்களாம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் விசாரித்தார்: "ஏனுங்க, நம்ம வாய்க்கால்ல தண்ணியே ஒழுங்கா வர்றதில்ல. நீங்க கடலையே ஊட்டுக்குக் கொண்டாந்துட்டீங்களாமா?"

முதல் முறை பாஸ்தாவைப் பாலக்காட்டு மட்டை அரிசி மாதிரி, விரலில் வைத்து நசுக்கினால் நசுங்கும் வரை வேகவிட்டு, மூடி போட்டுச் சாய்த்து வடித்தேன். கிடைத்ததை மாடு சாப்பிட்டது, மிச்சம் வைத்தது. ஆனால் ஆறு மாதத்தில் கை பழகிவிட்டது. பழகியதும் என்ன செய்வோம்? பெருமை அடிப்போம். போனில் மகளிடம் நான் அடித்த பெருமைதான் இந்தப் பயணத்துக்குக் காரணம்.

நித்யாவும் அவள் கணவன் முருகேசனும் தங்கள் வீட்டோடு சேர்த்து மூன்று அறை கட்டி, டூரிஸ்ட்டுகளுக்கு விட ஆரம்பித்திருந்தார்கள். முருகேசனே ஜீப்பும் ஓட்டுவான். அறைகள் நன்றாக இருந்தன, ஆட்கள்தான் வரவில்லை. கடைசியில் கொச்சியில் இருந்து ஒரு டாக்டரம்மா போன் செய்தார். ஓய்வு பெற்ற ஆறு பேர் மலை நடக்க வருகிறார்கள், மூன்று ராத்திரி. மசாலா வேண்டாம், எண்ணெய் மிதக்க வேண்டாம், ராத்திரிக்கு மீன், காய், பாஸ்தா என்று லேசாக வேண்டும். பிடித்தால் மாதாமாதம் வருவார்கள். நித்யா சரி என்று சொல்லி போனை வைத்த மறுவாரமே வாந்தி. மூன்று மாதக் கர்ப்பம். மீன் வாசனை வாசலில் வந்தாலே அவள் கொல்லைப்புறம் ஓடினாள்.

"அப்பா, நீங்க வந்துருங்கப்பா" என்று அழுதாள். "இந்த ஆளுகளும் திரும்ப வரலீன்னா, அவரு ஜீப்பை வித்துப்போட்டு துபாய் போறேன்னு ஏஜெண்ட்கிட்ட பேசி வெச்சிருக்காரு. கொழந்தை பொறக்கறப்ப இங்க இருக்க மாட்டாரு."

"அழுகாத அம்மிணி. மீன் சமையல்தானே? உங்கப்பன் கண்ணை மூடிட்டுச் செய்வேன்" என்றேன். சாமி காதில் அது எப்படி விழுந்ததோ தெரியவில்லை. கண்ணை விட்டுவிட்டு நாக்கை மூடியது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். எங்கள் ஊரில் விசிறி இல்லாமல் இருக்க முடியாத மாதம்; இங்கே குளித்துவிட்டு வந்தவனுக்குப் பல் தந்தியடித்தது. நித்யா பாலும் இஞ்சியும் போட்ட டீ கொடுத்தாள். ஒரு வாய் குடிப்பதற்குள் என் மனைவி சரசு போனில் வந்தாள். பின்னால் பறைச் சத்தம்.

"ஏனுங்க, நோம்பி சாட்டியாச்சுங்க."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மாரியம்மன் நோம்பி வருகிறது என்று பறையடித்து ஊருக்கு அறிவிப்பதுதான் சாட்டு. சாட்டிவிட்டால் நோம்பி முடியும் வரை கவுச்சி ஆகாது. மீன், கறி எதுவும் வாயில் படக்கூடாது. வெளியூரில் ராத்தங்கவும் கூடாது. அடுத்த வாரம்தான் சாட்டுவார்கள் என்று கணக்குப் போட்டுக் கிளம்பியிருந்தேன். என் கணக்குகள் பொதுவாக அப்படித்தான்.

"இப்ப என்ன பண்றது? நான் மீன் சமைக்க வந்திருக்கிறேன்" என்றேன்.

"பூசாரிகிட்டக் கேட்டுப்போட்டுத்தான் கூப்புடறேன். சாட்டறப்ப ஊர்ல இல்லாததுனால ராத்தங்கறது குத்தமில்லையாம். ஞாயித்துக்கிழமை கோயில்ல கம்பம் நடறதுக்குள்ள வந்து சேரோணுமாம். ஆனா நாக்குல கவுச்சி படக்கூடாது."

"கையில படலாமா?"

"கையைக் கழுவிக்கலாமுங்க. நாக்கை எதுல போட்டுக் கழுவுவீங்க?"

டிக்கெட்டில் எழுதிக்கொள்ளத் தோன்றவில்லை. ஏனென்றால் நான் நாக்கால் சமைக்கிறவன். அளவு, கரண்டிக் கணக்கு எதுவும் கிடையாது. போடுவேன், நக்குவேன், மறுபடி போடுவேன். சட்டி இறங்குவதற்குள் மூன்று ஆள் சாப்பாடு எனக்குள் போயிருக்கும் என்று சரசு சொல்வாள்.

ருசி பார்க்க ஆள் வேண்டும். நித்யா பக்கத்திலேயே வர முடியாது. முருகேசன் விருந்தாளிகளை ஜீப்பில் கூட்டிப் போனால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் அவர்களோடு திரும்புவான். மிச்சம் இருந்தது சம்பந்தியம்மா, பேச்சியம்மாள். தேயிலை எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருஷம் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவர். கட்டை குட்டையான உடம்பு, குன்றுக்கு அந்தப் பக்கம் நிற்பவரையும் கூப்பிடுகிற குரல்.

"நான் பாக்குதேன் அண்ணாச்சி. உப்புதான? ஒப்பம் போட்டுத் தாரேன்" என்றார்.

புதன்கிழமை ராத்திரி முதல் விருந்து. வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு இறக்கிய சார்ப்பில் அடுப்பு வைத்தோம். எங்கள் ஊரிலும் கவுச்சியை வீட்டுக்கு வெளியேதான் சமைப்போம் என்பதால் அதில் ஒரு சொந்த ஊர் நிம்மதி. அணையில் பிடித்த ஜிலேபி மீன். தட்டையான இரும்புச் சட்டியில் பூண்டை வதக்கி, தக்காளியைக் கரையவிட்டு, மீனைப் படுக்க வைத்து, திருநீற்றுப்பச்சையைக் கிள்ளிப் போட்டு மூடினேன். வாசனை வந்தது. நித்யா கதவைச் சாத்தும் சத்தமும் வந்தது. எல்லாம் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

சம்பந்தியம்மா சாற்றை உள்ளங்கையில் விட்டு நக்கினார். "உப்பு பத்தல அண்ணாச்சி."

போட்டேன்.

"இன்னும் பத்தல."

போட்டேன்.

"என்ன அண்ணாச்சி, ஆஸ்பத்திரிச் சாப்பாடா பண்ணுதிய? கையத் தாராளமா விடுங்க."

தாராளமாக விட்டேன்.

விருந்தாளிகள் ஆறு பேரும் நடந்து களைத்துப் பசியோடு வந்து உட்கார்ந்தார்கள். முதல் வாய் வைத்தார்கள். ஒருத்தரும் பேசவில்லை. ருசியில் சொக்கிப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். அப்புறம் ஆறு கைகளும் ஒரே நேரத்தில் தண்ணீர் டம்ளரைத் தேடின. அதில் ஒருவர், கப்பலில் வேலை பார்த்தவராம், மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார்: "மத்தியதரைக் கடல் சாப்பாடுதானே கேட்டோம். இவர் அந்தக் கடலையே கொண்டுவந்து வைத்துவிட்டாரே."

டாக்டரம்மா ஒல்லியானவர், வெள்ளை வெளேர் என்று முடி. அவர் சிரிக்கவில்லை. "இங்கே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டார். நான்கு கைகள் உயர்ந்தன. "மீனை ஓரமாக வையுங்கள்."

முருகேசன் தட்டுகளை எடுத்தான். மாப்பிள்ளை திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். "பரவால்ல மாமா" என்று சொன்னதுதான் தொண்டையில் முள் மாதிரி நின்றது. மூன்று அறைக்கும் ஓடி ஓடித் தண்ணீர் குடம் வைத்தேன். அன்றைக்கு என் விருந்தில் நன்றாகச் செலவானது அது ஒன்றுதான்.

எங்கே தப்பு நடந்தது என்பது வியாழக்கிழமை காலையில் தெரிந்தது. நித்யா எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தாள். சம்பந்தியம்மா பால் விடாத கட்டன் டீ போட்டுக் கொடுத்தார். தேயிலைக் காட்டைப் பார்த்தபடி ரசித்து ஒரு வாய் உறிஞ்சினேன். கண் இரண்டும் நெற்றிக்குப் போய்விட்டது.

"சம்பந்தியம்மா, சர்க்கரைன்னு நெனச்சு உப்பைப் போட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க."

"உப்புதான் அண்ணாச்சி. நாங்க எப்பவும் உப்புத் தேயிலதான். மலைல நின்னு கிள்ளினா வேர்த்து ஊத்தும்லா. முப்பத்திரண்டு வருசமா இதான். சீனி போட்டா எனக்கு மருந்து குடிக்க மாதிரி இருக்கும்."

டம்ளரைக் கீழே வைத்தேன். விரதம் இருக்கிற நாக்கு ஒன்று, உப்பில் ஊறிய நாக்கு ஒன்று. இரண்டையும் கூட்டி நான்கு பிரஷர்க்காரர்களுக்கு மீன் சமைத்திருக்கிறோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் வாயில் கை வைத்தார். பிறகு குன்று அதிரச் சிரித்தார். பிறகு நித்யா படுத்திருந்த அறையைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒருக்க எம்மவன் துபாய்க்குப் போயிட்டான்னா அவ்வளவுதான் அண்ணாச்சி. அவங்கப்பா சாவுக்கு ஊர்லேருந்து வந்தவுகளே மலைப்பாதைல மாட்டி நேரத்துக்கு வர முடியல. துபாய்லேருந்து எப்படி வருவான்?"

அன்று ராத்திரி பாஸ்தா. அதை நானே ருசி பார்க்கலாம் என்பதால் ராஜா மாதிரி இருந்தேன். கத்தரிக்காயைத் தணலில் சுட்டு, தோல் உரித்து, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் தக்காளியும் சேர்த்து, பாஸ்தாவை நசுங்குகிற பதத்துக்கு இரண்டு நிமிஷம் முன்னாலேயே வடித்தேன். செக்போஸ்ட் சான்றிதழ் பெற்ற ஓரிகனோவைத் தூவினேன். எத்தனை தடவை ருசி பார்த்தேன் என்று கேட்காதீர்கள். மேஜைக்கு ஆறு தட்டு நிறைவாகப் போனது என்பதோடு விட்டுவிடுவோம். கப்பல்காரர் மட்டும் எல்லாம் முடிந்த பிறகு, "கொஞ்சம் சோறு இருக்குமா?" என்று கூச்சத்தோடு கேட்டார். எந்தக் கடலைச் சுற்றி வந்தாலும் மலையாளி கரை சேருகிற இடம் அதுதான்.

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே, "இது சாப்பாடு" என்றார். நான் குனிந்து கும்பிடுவதற்குள், "நாளைக்கு மறுபடி மீன் வையுங்கள். எங்கள் ஆட்களுக்கு ராத்திரி மீன்தான் முக்கியம். அதைப் பார்த்துவிட்டுத்தான் மாதாமாதம் வருவதைப் பற்றிச் சொல்வேன்" என்றார். பரீட்சையில் பெயிலான பையனுக்கு அதே வாத்தியார் அதே பாடத்தில் மறு பரீட்சை வைத்த மாதிரி.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு யோசனை பிறந்தது. என் யோசனைகளைப் பற்றி ஏற்கனவே ஓரளவு சொல்லியிருக்கிறேன். ஒரு மீனைச் சமைத்துத் தூக்குப்பாத்திரத்தில் போட்டு, பஸ் நிற்கிற இடத்து டீக்கடைக்கு எடுத்துப் போனேன். ஊருக்குப் பொதுவான நாக்கு அங்கே கிடைக்காமலா போகும்?

"அண்ணே, ஒரு வாய் பாத்துட்டு உப்பு சரியான்னு மட்டும் சொல்லுங்க."

ஜீப் டிரைவர் ஒருவர் பார்த்தார். "உப்பு இருக்கட்டும். மொளகாய எங்கண்ணே?" டீக்கடைக்காரர் மலையாளி, குடம்புளி போடாத மீனைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது பாவம் என்றார். ஃபாக்டரி ஷிஃப்ட் முடிந்து வந்த ஒருவர், "உப்பு கூட" என்றார். அவர் பக்கத்தில் நின்றவர், "ஒனக்கு நேத்துப் போட்டது எறங்கல. உப்பு கொறச்சல்" என்றார். இரண்டு பேருக்கும் சண்டை வந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மா தூரத்தில் இருந்தே, "யாரு வீட்டு மீனு? எதுக்கு ஓசியில குடுக்காரு? சாப்புடாதிய" என்று எச்சரித்தார். ஏழு நாக்குகளைக் கேட்டேன், ஒன்பது தீர்ப்பு கிடைத்தது. திரும்பும்போது தூக்குப்பாத்திரம் காலி. அது ஒன்றுதான் லாபம். என் லாபம் இல்லை.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தவனைப் பார்த்து சம்பந்தியம்மா கேட்டார்: "நேத்து கத்திரிக்காய்க்கு உப்பு சரியா இருந்துச்சுல்லா? எம்புட்டுப் போட்டிய?"

"தெரியாதுங்களே. நாக்கு போதும்ன வரைக்கும்."

"இன்னைக்கும் ஒரு சட்டி காய் வைங்க. உப்ப எங்கையில குடுத்து, ஒங்க நாக்கு போதும்ங்க வரைக்கும் என்னயப் போடச் சொல்லுங்க."

எதற்கு என்று புரியாமலே பீன்ஸ் வைத்தேன். அடுப்பில் ஏற்றும் முன் அவர் பீன்ஸ் கூடையை இடது கையில் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கினார். வலது உள்ளங்கையில் உப்பை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். நான் ருசி பார்த்து, "போதுமுங்க" என்றேன். மிச்சம் இருந்த உப்போடு கையை மூடித் திறந்து பார்த்துக்கொண்டார். பிறகு ராத்திரிக்கு வாங்கி வைத்திருந்த மீன் சட்டியைத் தூக்கினார்.

"காய் ஒரு கிலோ இருந்துச்சு. மீனு ஒன்னே முக்கா. அப்ப உப்பும் ஒன்னே முக்கா மடங்கு."

கடைக்காரர் எழுதிக்கொடுத்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்றே முக்கால்.

"என்னத்தப் பாக்குதிய அண்ணாச்சி? கொழுந்துச் சாக்கத் தூக்கும்போதே இன்னைக்கு எம்புட்டுன்னு எங்களுக்குத் தெரியும். தராசுக்காரன் அரைக் கிலோ கொறச்சுச் சொன்னாலும் கை சொல்லிரும். என் நாக்குதான் கெட்டுப் போச்சு. கை கெடல."

சாயங்காலம் நான் பூண்டு வதக்கினேன், தக்காளி போட்டேன், எலுமிச்சை பிழிந்தேன், பச்சிலையைக் கிள்ளினேன். உப்பு மட்டும் அவர் கை. உள்ளங்கையை மெல்ல மேலும் கீழும் அசைத்து, ஒரு சிட்டிகையைத் திருப்பி ஜாடியில் போட்டு, மிச்சத்தைச் சட்டியில் தூவினார். அவரும் ருசி பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று பேசி வைத்திருந்தோம். வெந்நீர் கேட்டு வந்த டாக்டரம்மா சார்ப்பின் வாசலில் நின்று இதைப் பார்த்தபடி இருந்ததை நான் அப்புறம்தான் கவனித்தேன். தண்ணீரை வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு பேர் சமைத்து, இரண்டு பேருமே ருசி பார்க்காத மீன் மேஜைக்குப் போனது. நான் கதவுக்குப் பின்னால் நின்று ஆறு வலது கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். டம்ளர் பக்கம் ஒன்றும் போகவில்லை. முள்ளை எடுத்து ஓரமாக வைக்கிற சத்தம் கேட்டது. கப்பல்காரர் சட்டியின் அடியை ரொட்டியால் துடைத்தார். டாக்டரம்மா தட்டை நீட்டி, "இன்னொரு துண்டு" என்றார். என் கையை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். பார்த்தால் நித்யா. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, என்னோடு கதவிடுக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை. அவர்களும் கிளம்பினார்கள், நானும் கிளம்பினேன். ஜீப்பில் பை ஏற்றும்போது டாக்டரம்மா நித்யாவிடம் சொன்னார்: "அடுத்த மாதம் எட்டுப் பேர். அதற்கடுத்த மாதமும் வருவோம். ஆனால் அதே மீன் வேண்டும், அதே கை சமைக்க வேண்டும்."

நான் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தேன். "நோம்பி அதுக்குள்ள முடிஞ்சிருமுங்க. நான் வந்தர்றேனுங்க."

அவர் என்னைக் கனிவாகப் பார்த்தார். நல்ல டாக்டர்கள் கெட்ட ரிப்போர்ட்டைச் சொல்லும் முன் அப்படித்தான் பார்ப்பார்கள். "நீங்களும் வாருங்கள். உங்கள் கத்தரிக்காய் ரொம்ப நன்றாக இருந்தது, நிறையக் கொண்டு வாருங்கள். நான் அந்த அம்மாவைச் சொன்னேன். உப்பைக் கையிலேயே நிறுத்துப் போட்டார்களே, அவர்களை."

நித்யா சிரித்த சிரிப்பில் அவளுக்கு வாந்தி வராமல் இருந்தது அதிசயம். முருகேசன் கயிற்றைக் கட்டிக்கொண்டே மெதுவாக என்னிடம் சொன்னான்: "காலையில ஏஜெண்ட் கூப்புட்டான் மாமா. எனக்கு இங்கனயே ஓட்டம் இருக்குன்னு சொல்லிட்டேன்."

மூன்று பஸ் மாறி வந்து, இரண்டு ராத்திரி மீன் சமைத்து, கடைசியில் கத்தரிக்காய் சப்ளையராக வேலை கிடைத்திருக்கிறது. ஜீப்பில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சம்பந்தியம்மா ஜன்னல் பக்கம் வந்தார்.

"மொகத்தத் தொங்கப் போடாதிய அண்ணாச்சி. நான் சமைச்சா ருசி பாக்க ஆளு வேணும்லா? என் நாக்கு ஆகாதுன்னு டாக்டரு வரைக்கும் தெரிஞ்சு போச்சு. நோம்பிய நல்லபடியா முடிச்சிட்டு, ஒங்க நாக்க எடுத்துட்டு வாங்க."